மணி வாங்க யாழ்ப்பாணம் போனேன்

சுன்னாகம் ரெயில் நிலையத்தில் கால் வைத்ததும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, சேலை கொண்டுவந்தேனா என்பது. கேட்டவர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்த பரிமளம் அக்கா. எழுபதுகளின் அந்த வருடங்களில் இறக்குமதித் தடையால் இலங்கைக்குள் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. அதனால் இந்தியாவிலிருந்து இறங்கும் எந்தப் பெண்ணையும் நடமாடும் துணிக்கடையாகவே பார்த்தார்கள். என் பெட்டியில் நான் உடுத்த மூன்று சேலைகள் மட்டுமே இருந்தன. நான் வந்தது எதையும் கொண்டுவந்து கொடுக்க அல்ல, ஒரு மணியைக் கொண்டுபோக.

இரண்டாவது கேள்வி, "நீர் ஆற்றை பிள்ளை?" என்பது, யாருடைய மகள் என்று. அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். பனை ஏறுகிறார் என்றேன். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் பெட்டியை வாங்கிக்கொண்டு, இங்கே யார் கேட்டாலும் பள்ளிக்கூட ரீச்சர் என்று சொன்னால் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை என்றார். அவருக்கு நல்ல மனசு. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் முதலாக எழுத்துக் கூட்டியவள் நான். பனையேறியின் மகள் என்பதையும் ரீச்சர் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லத்தானே விடுதிக் கஞ்சியைக் குடித்துப் படித்தேன்? அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டையும் சேர்த்தே சொன்னேன். கேட்காத சிலருக்கும் சொன்னேன்.

மணி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம் பக்கத்தில் கடலோரம் எங்கள் ஊர். எங்கள் வேதக் கோயிலில் மணி கிடையாது. பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டி இரும்புக் கம்பியால் அடிப்போம். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், தீப்பிடித்தாலும் அதுதான். ஞாயிறு காலை ஆராதனைக்கு அடித்தால் சிலர் வாளியோடு ஓடி வருவார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தின் நடுவிலுள்ள ஐக்கிய ஆலயத்தில் ஒரு மணி சும்மா கிடக்கிறது, உங்களுக்குத் தருகிறோம் என்று அங்கிருந்து செய்தி வந்தபோது எங்கள் சபையே எழுந்து நின்று பாடியது. போய் வாங்கிவர வேண்டிய போதகருக்குக் காலில் ஆறாத புண். மற்றவர்களில் சுங்கத்தில் இங்கிலீஷ் தாள் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று பெரியவர்கள் இழுத்தார்கள். சபைக் கூட்டத்தில் வாயே திறக்காத அப்பா அன்று எழுந்து, "என் மகள் போவாள், மணியோட வருவாள்" என்றார். சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வெறுங்கையோடு போய் இறங்கினால் அந்தத் தலை மறுபடி எப்படி நிமிரும்? கப்பல் ஏறியதிலிருந்து எனக்கு இந்த நினைப்புத்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீனும் நண்டும் பயிற்றங்காயும் போட்டுக் காய்ச்சியது. காரத்துக்கு அஞ்சாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் அரைக் கிண்ணத்தில் அழுதுவிட்டேன். உறைப்புக் குறைவு என்று அக்கா வருத்தப்பட்டார்.

மறுநாள் விடிந்ததும் பாண் வரிசை. ரொட்டியை அங்கே பாண் என்கிறார்கள். மாவுத் தட்டுப்பாட்டில் அதற்கு வெள்ளாப்பிலேயே போய் நிற்க வேண்டும். பேக்கரிக்காரர்கள் இருவரும் சிங்களவர்கள். எங்கள் வரிசையைப் பார்த்து ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிங்களம் தெரியும். என்னவென்று கேட்டேன். "இந்தச் சபை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள், பாணுக்கு மட்டும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நிற்கிறார்கள்" என்றாராம். எனக்கு அப்போது விளங்கவில்லை. அக்கா விளக்கவும் இல்லை.

பட்டினத்துக்குப் பஸ்ஸில் போனோம். பஸ்ஸுக்குள் மனிதரைவிடத் தாளோடு கட்டிய வெங்காயப் பிடிகள் அதிகம். வெளிநாட்டு வெங்காயம் நின்றதும் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. கோண்டாவில் தாண்டியதும் பஸ் இருமி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளுங்கள் என்றார் நடத்துனர். தள்ளினார்கள், நகரவில்லை. பிறகு வெங்காயத்தை இறக்கினார்கள். பிறகு பெண்களை இறக்கினார்கள். கடைசியில் பஸ் புறப்பட்டது, பாதிப் பேரை விட்டுவிட்டு. வெங்காயம் முழுவதும் ஏறிவிட்டது. நாங்கள் மிச்ச வழியை நடந்தோம்.

கோயில் கடைத்தெருவின் நடுவில் இருக்கிறது. கடலில் எடுத்த முருகைக்கல் சுவர், பனை வளை போட்ட கூரை, ஓர் ஓரம் துணிக்கடை, மறு ஓரம் மீன் சந்தைக்குப் போகும் சந்து. பார்த்ததும் எனக்கு மலைப்பு. எங்கள் ஊரே அதற்குள் உட்காரலாம். சுவரில் கற்பலகைகள்: பிள்ளை பெற்று இறந்த வெள்ளைக்காரப் பெண்கள், காய்ச்சலில் போன அவர்களின் குழந்தைகள். என் வயதில் கடல் கடந்து வந்து இந்த மண்ணுக்குள் போனவர்கள். அவற்றைப் படித்துக்கொண்டு நின்றபோது மட்டும் அந்த ஊரில் எனக்கு எரிச்சல் வரவில்லை.

பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தேன். எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. ஆர்மோனியம் இரண்டு. காணிக்கைப் பை இரண்டு நிறத்தில். கதவு இரண்டு, இரண்டுக்கும் வேறு வேறு மிதியடி. வாசலில் பெரிய எழுத்தில் ஐக்கிய ஆலயம் என்று பலகை.

அதன் சரித்திரத்தை அக்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்து சொன்னார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு மிசனும் அமெரிக்காவிலிருந்து ஒரு மிசனும் வந்தன. இங்கிலாந்துக்காரர் சந்தைப் பக்கம் இந்தக் கோயிலைக் கட்டினார்கள். அமெரிக்கர் அடுத்த தெருவில் ஓர் ஆலமரத்தடியில் கட்டினார்கள். முன்னவர்கள் முழங்காலில் நின்று ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பவர்கள். பின்னவர்கள் உட்கார்ந்தபடி ஆளுக்கொரு சின்னக் கிளாசில் குடிப்பவர்கள். தலைமுறைகளாக ஒருவர் பாட்டு மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தும் ஒரு வாசலை மற்றவர் மிதித்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாரி மழையில், கறையான் தின்ற ஆலடிக் கோயில் கூரை இறங்கிவிட்டது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. அப்போதுதான் இரண்டு சபையும் சேர்ந்து ஒன்றாயின. ஆலடிக் கோயில் நின்ற இடம் இப்போது சைக்கிள் நிறுத்துமிடம்.

நாங்கள் சேர்ந்தோம் என்று ஆலடியார் சொல்கிறார்கள். சந்தையார் சொல்வது வேறு. அதைத் துரைராசா மாஸ்ரர் வாயாலேயே கேட்டேன். இளைப்பாறிய கணக்கு ஆசிரியர், சந்தைப் பக்கத்துப் பெரிய தலை. அக்கா காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: "உவை மழைக்கு ஒதுங்கின ஆக்கள், பிள்ளை. மழை விட்டுப் பன்னிரண்டு வருசம். இன்னும் போகேல்லை."

அக்கா குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். அவர் ஆலடிப் பக்கம்.

மணி, போதகர் உடுப்பு மாற்றும் அறையில், கால் உடைந்த கதிரைகளுக்குக் கீழே சாக்கு மூடிக் கிடந்தது. மூச்சுப் பிடித்தால் ஒருவர் தூக்கக்கூடிய கனம். ஆலடிக் கோயிலின் பெயர் அதிலேயே வார்க்கப்பட்டிருந்தது. சாக்கை விலக்கிய அக்கா தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். ஆலடிப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று வேறாக எடுத்துவைத்து, அதை விற்றுச் சேர்த்து வாங்கிய மணியாம். அவருடைய அம்மாவும் பிடி போட்டவர். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் போட்டாராம். "அதுதான் கோபம் எங்களுக்கு. எங்கடை மணியை ஒருக்கால் ஏத்துங்கோ எண்டு கேட்டம். கோபுரத்திலை ஒரு மணிக்குத்தான் இடம் எண்டிட்டினம்" என்றார்.

பிறகு ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சந்தையார் அறையில் தூசி பிடித்துக் கிடப்பதைவிடக் கடலுக்கு அப்பால் அடிபடட்டும் என்று ஆலடியார் கை தூக்கினார்களாம். தொல்லை ஒழிந்தது என்று சந்தையாரும் கை தூக்கினார்களாம். ஐக்கியமான நாளிலிருந்து அந்தச் சபையில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

அப்படியானால் தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? அந்தக் கோயில் போதகரிடம் கேட்டேன். மெலிந்த இளைஞர், வந்து ஒரு வருடம் ஆகவில்லை, கண்ணுக்குக் கீழே கருவளையம். "பாப்பம்" என்றார். யாழ்ப்பாணத்தில் நான் மனப்பாடமாகக் கற்ற சொல் அதுதான். முடியாது என்று அவர்கள் சொல்வதில்லை. பாப்பம் என்பார்கள்.

அடுத்த நாள் கூட்டம். அதற்கடுத்த நாளும் கூட்டம். பால் இல்லாத தேத்தண்ணியும், கையில் ஒரு துண்டு பனங்கட்டியும், தட்டில் உளுந்து வடையும் தந்துகொண்டே இருந்தார்கள். வடைக்குக் குறை சொல்லமாட்டேன். மணியை யார் கையால் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஆலடியார் கையால் கொடுத்தால் அது ஐக்கிய சபையின் கொடை ஆகாது என்றார் துரைராசா மாஸ்ரர். சந்தையார் கையால் கொடுத்தால் பிடியரிசி போட்டவர்கள் கல்லறையில் புரண்டு படுப்பார்கள் என்றார் அக்கா. வாங்குகிறவள் இங்கே இருக்கிறேன், எனக்கு எந்தக் கையாயிருந்தாலும் சரி என்றேன். எல்லோரும் என்னை அன்போடு பார்த்து இன்னொரு வடை வைத்தார்கள்.

கடைசியில் போதகர் ஒரு வழி கண்டார். வரும் ஞாயிறு அறுப்புப் பண்டிகை, விளைச்சலைக் கோயிலில் படைக்கும் நாள். மணியைப் பீடத்துக்கு முன்னால் வைத்து எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பது. ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் எழுந்து நிற்க நானே அதை எடுத்துக்கொள்வது. யாருடைய கையும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. நான் அன்றிரவு புட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிறு வந்தது. சந்தையார் வலக் கதவால் நுழைந்து வலப்புறம் அமர்ந்தார்கள், ஆலடியார் இடப்புறம். பீடத்துக்கு முன்னால், மரக் கிராதிக்கு உள்ளே, வாழைக்குலை, பூசணி, வெங்காயப் பிடிகள், புகையிலை, கால் கட்டிய சேவல்கள், ஒரு மறியாடு. நடுவில் சாம்பல் போட்டு மினுக்கிய மணி. வலப்புறம் ஓர் ஆர்மோனியம் ஒரு சரணம், இடப்புறம் ஓர் ஆர்மோனியம் மறு சரணம். இரண்டுக்கும் சுருதி வேறு. போதகர் வலப்புறத்தாருக்கு ஒரே பாத்திரத்தோடு போய்விட்டு, வேர்க்க வேர்க்க இடப்புறத்தாருக்குக் கிளாசுத் தட்டோடு ஓடினார். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நடுவழியில் ஒரு முக்காலி போட்டு இருந்தேன். இரண்டு முறையிலும் எனக்குத் திராட்சரசம் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்தது. நான் எழுந்து மணியை நோக்கி நடந்தேன். துரைராசா மாஸ்ரர் கையை நீட்டித் தடுத்தார்.

அவர்தான் வருடா வருடம் ஏலம் கூறுபவர். எங்கள் ஊரிலும் பண்டிகை ஏலம் உண்டு, சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் இப்படி என் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. மாஸ்ரர் சொன்னார்: "அறுப்புப் பண்டிகை அண்டைக்குக் கிராதிக்கு உள்ளை வைச்சது கடவுளுக்குக் குடுத்தது, பிள்ளை. ஏலம் போடாமல் வெளியிலை எடுக்கேலாது. அது இந்தக் கோயில் கட்டின நாளிலை இருந்து வாற வழமை."

போதகர் முகம் வெளுத்துவிட்டது. வழமை என்றால் ஆலடியாரும் மறுக்கமாட்டார்கள், அவர்கள் கோயிலிலும் அதுதான் வழமையாம். பன்னிரண்டு வருடத்தில் மூன்றாவது ஏகமனதான முடிவு. பயப்படாதே, எங்கள் ஆள் ஒருவர் எடுத்து உன்னிடம் தருவார் என்று அக்கா என் காதில் சொன்னார். வலப்புறமும் அதையேதான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்து வேப்பமரத்தடியில் ஏலம் நடந்தது. பூசணி போனது, சேவல் போனது. மணிக்கு இடப்புறத்தார் ஒருவர் கேட்டார், வலப்புறத்தார் ஏற்றினார், இவர் இன்னும் ஏற்றினார். இடப்புறத்தார் வென்றார். வென்றவர், அங்கே பெருந்தன்மைக்கு அடையாளமாகச் செய்வதைப்போல, மறுபடி ஏலம் போடுங்கோ என்று அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். எடுத்தவர் என்ற பெயரும் வேண்டும், கொடுத்தவர் என்ற பெயரும் வேண்டும். அடுத்த முறை வலப்புறத்தார் வென்று, தாங்கள் என்ன குறைந்தவர்களா என்று திருப்பிக் கொடுத்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. மறியாடு பசியில் கத்தியது. என் மணி மேசைக்கும் மரத்தடிக்குமாக அலைந்தது.

நான்காவதோ ஐந்தாவதோ சுற்றில் யாரோ அந்த மழைக்கு ஒதுங்கிய பேச்சை எடுத்தார்கள். அவ்வளவுதான். முற்றம் முழுவதும் ஒரே வாய்த்தர்க்கம். மாஸ்ரரும் சுத்தியலைக் கையில் வைத்தபடியே அக்காவோடு மல்லுக்கு நின்றார். அந்த நேரம் பார்த்து, வாழைக்குலைகளை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த ஓர் ஆள், வேட்டியை மடித்துக் கட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், மேசைக்கு வந்து மணியை ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தன் விலையைச் சொன்னார். இணுவில் வெங்காய வியாபாரி கந்தையா. வருடந்தோறும் பண்டிகைச் சாமான் எடுக்க வருகிறவர், சைவர்.

மாஸ்ரர் திரும்பியே பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக் கத்திக்கொண்டே, முப்பது வருடப் பழக்கத்தில் அவர் வாய் தானாகச் சொன்னது: "ஒருதரம். ரெண்டுதரம். மூண்டுதரம்." சுத்தியலும் தானாக இறங்கியது.

அப்போதுதான் எல்லோரும் திரும்பினார்கள். கந்தையா காசை எண்ணி வைத்தார். திருப்பிக் கொடுக்கும் வழமை அவரைக் கட்டாது. மணியை வெங்காய மூட்டைகளுக்கு மேல் தூக்கிவைத்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு லொறியை எடுத்தார்.

அன்று பின்னேரம் நான் பெட்டியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்த பார்வைதான் கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை ஒரு வாடகை வானில் இணுவிலுக்குப் போனோம்; வேனை அங்கே வான் என்கிறார்கள். சபையில் பாதி ஏறிவிட்டது. வானுக்குள் வலப்புறம் இடப்புறம் என்று பார்க்க முடியாது. இடம் கிடைத்த மடியில் எல்லாம் ஆள். மாஸ்ரரின் குடைக்காம்பு அக்காவின் விலாவில் குத்தியபடியே வந்தது. உங்களுடைய சுத்தியலால் வந்தது, உங்களுடைய வாயால் வந்தது என்று வழி முழுவதும் திட்டிக்கொண்டார்கள். ஆனால் இணுவில் வந்தபோது இருவரும் "எங்கடை மணி" என்றே சொல்வதைக் கவனித்தேன்.

கந்தையா வீட்டுப் பக்கத்துக் காணியில் ஓர் ஆலமரம், கீழே அவர் குடும்பத்து வைரவர் கோயில். மணி ஏற்கெனவே மரத்தில் ஏறிவிட்டது. மாலையும் போட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் அக்கா வானைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கந்தையாவின் மனைவி எல்லோருக்கும் மோர் தந்தார். மாஸ்ரர் தொண்டையைச் செருமி, தவறு நடந்துவிட்டது, கொடுத்த காசுக்கு மேலேயே தருகிறோம் என்றார். கந்தையா கோபப்படவில்லை.

"வெங்காயம் நல்லா வந்தால் மணி கட்டுறன் எண்டு வைரவருக்கு நேந்தனான், மாஸ்ரர். சாமிக்கு முன்னாலை வைச்சதைத் திருப்பி எடுக்கேலாது. நேற்று நீங்களும் இதைத்தானே இந்தப் பிள்ளைக்குச் சொன்னியள்."

மாஸ்ரர் அக்காவைப் பார்த்தார், அக்கா மாஸ்ரரைப் பார்த்தார். திட்டிக்கொள்ளாமல் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய், எங்கள் ஊரையும் தண்டவாளத் துண்டையும் வாளியோடு ஓடி வருபவர்களையும் சொன்னேன். பனையேறும் என் அப்பா சபை நடுவில் கொடுத்த வாக்கையும் சொன்னேன். கெஞ்சவில்லை; கெஞ்ச எனக்கு வராது. நீங்கள் செய்தது நியாயம்தான், ஆனால் நான் என் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மட்டும் கேட்டேன்.

கந்தையா ஆலமரத்தைப் பார்த்தார். அவர் மனைவிதான் பேசினார்: "வந்த பெட்டை வெறுங்கையோடை போறதோ? பழையதைக் குடுங்கோவன்."

உள்ளே போய்க் கந்தையா கொண்டுவந்தது வைரவருடைய பழைய மணி. ஒரு செம்பு அளவு. புதியது வந்ததால் இறக்கி வைத்தது. தட்டிக் காட்டினார். சின்ன மணி, ஆனால் அடித்தால் நேராக நெஞ்சுக்குள் போகும் சத்தம். "இது உமக்கு. இவைக்கில்லை" என்று என் கையில் வைத்தார்.

நான் நன்றி சொல்லி முடிக்கவில்லை, வானடியில் பேச்சுத் தொடங்கிவிட்டது. வைரவர் கோயில் மணியை வேதக் கோயிலில் கட்டலாமா? ஜெபித்துச் சுத்தம் செய்தால் கட்டலாமே. செய்வதானால் எந்த முறைப்படி? முழங்காலில் நின்றா, உட்கார்ந்தா? போதகர் என்னைப் பார்த்தார். நாளைக்கு ஒரு கூட்டம் வைத்துப் பாப்பம் என்றார்.

மறுநாள் காலை முதல் ரெயிலில் நான் இருந்தேன்.

பரிமளம் அக்கா யாழ்ப்பாணம் வரை கூட வந்தார், கூட்டத்துக்குப் போவதற்காக. இணுவிலில் ரெயில் நின்றபோது ஆலமரப் பக்கமிருந்து பூசை மணி கேட்டது. பெரிய மணி. அக்கா இருக்கையை விட்டு எழுந்துவிட்டார், ஆராதனைக்கு முதல் மணி கேட்டால் எழுவதுபோல. பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தார். "பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு கேக்கிறன்" என்று மட்டும் சொன்னார். கண் நிறைந்திருந்தது. ரெயில் புறப்பட்டும் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

ரெயில் குலுங்கியதில் என் மடியில் இருந்த சின்ன மணியும் கணீர் என்றது. முன் இருக்கையில் இருந்த ஒருவர் ஆவலோடு குனிந்து, எந்தச் சபைக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டார். அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது.

இன்னொரு கூட்டத்தை நான் தாங்கமாட்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு மணிக்குள் கையை விட்டு அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டேன். தலைமன்னார் வரும்வரை விடவில்லை.